கேபிள் அறுந்தாலும் ஓட வேண்டிய கட்டளை

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை, ஜித்தாவை ஒட்டிய செங்கடலில் எஸ்எம்டபிள்யூ-4, ஐஎம்ஈடபிள்யூஈ என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. இந்தியா, பாகிஸ்தான், அமீரகம் என்று வரிசையாக இணையம் தள்ளாடியது. மத்திய கிழக்கு வழியாகப் போகும் அஷூர் கிளவுட் போக்குவரத்தில் தாமதம் இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டு, வேறு பாதைகளில் அதைத் திருப்பிவிட்டது. பத்திரிகைகளுக்கு இது இணைய வேகம் குறைந்த செய்தி. ஷரஃபியாவில் அறை எடுத்துத் தங்கி, சென்னையிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குக் கவலை வேறு. தட்டிவிட்ட கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறதா, பாதியில் செத்துவிட்டதா?

ஷரஃபியா ஜித்தாவின் நடுவில் இருக்கும் பேட்டை. மலையாளி ஹோட்டல்கள், பாலிகிளினிக்குகள், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கடைகள், மாடிகளில் பங்கு போட்டுத் தங்கும் அறைகள். கேரளக்காரர்களின் இடம் என்று பெயரெடுத்த அங்கே தமிழர்களும் உண்டு. அவர்களில் கணினி வேலைக்காரர்களின் தொழில் பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் ஏதோ ஒரு மெஷினில் கட்டளை ஓட்டுவதுதான். 2005-இல் முடிந்த எஸ்எம்டபிள்யூ-4 ஜித்தாவிலும் கரையேறுகிறது, சென்னையிலும் கொழும்பிலும் கரையேறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்குப்படி, ஜித்தாவில் தட்டிய ஓர் எழுத்து சென்னை போய்த் திரும்பிவரக் கேபிள் நன்றாக இருக்கும் நாளிலேயே 50 மில்லிநொடிக்கு மேல் ஆகும்.

எடிட்டருக்குள் டெர்மினலை வைத்து வேலை செய்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசைக் குறுக்குவழிகளைப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தப் பக்கம் திறக்கலாம், எத்தனையாகப் பிரிக்கலாம், எழுத்துரு என்ன என்று. ஷரஃபியாவிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் இரண்டாம் பட்சம். முதல் கேள்வி, அந்த டெர்மினலுக்குள் ஓடும் செஷன் யார் கையில் இருக்கிறது என்பது.

தமிழ்நாட்டுக் கல்லூரி லேபில் டர்போ சி படித்தவர்கள் இந்தக் கேள்வியின் முதல் வடிவத்தை அறியாமலே சந்தித்திருக்கிறார்கள். கண்ட்ரோல்-எஃப்9 அடித்தால் புரோகிராம் ஓடும். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி நீல எடிட்டர் வந்து நிற்கும். விடை எங்கே? ஆல்ட்-எஃப்5 அடித்தால் தெரியும். அது தெரியாத பிள்ளைகள் புரோகிராமின் கடைசி வரியாக ஒரு 'கெட்ச்' சேர்த்துத் திரையை நிறுத்திவைப்பார்கள். ஏன் சேர்க்கிறோம் என்று கேட்காமலே ரெக்கார்டு நோட்டில் அதை எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் ஏராளம். திரை ஒன்றே, அதை எடிட்டரும் புரோகிராமும் மாறி மாறிப் பிடித்தன. அதே எடிட்டரின் ஃபைல் மெனுவில் 'டாஸ் ஷெல்' என்று ஒன்று இருந்தது. அதில் வெளியே போய் வேலையை முடித்து, எக்ஸிட் என்று அடித்துத் திரும்பலாம். யூனிக்ஸில் விஐ பயன்படுத்தியவர்கள் கண்ட்ரோல்-இசட் அடித்து எடிட்டரை உறங்கவைத்து, கட்டளை ஓட்டி, பிறகு எழுப்பினார்கள். இன்றும் அப்படியே செய்யும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஈமாக்ஸ் வேறு மாதிரி யோசித்தது. ஷெல்லை ஓட்டி, அது கக்குவதை எல்லாம் சாதாரண எழுத்தாக ஒரு பஃபருக்குள் கொட்டியது. 1985-இல் வந்த குனு ஈமாக்ஸின் வழிவந்தவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஆனால் அதன் விளைவு பெரிது. கட்டளையின் வெளியீடு எழுத்து என்றால் அதில் தேடலாம், வெட்டலாம், அரை மணி முன்னால் வந்த பிழைச் செய்தியைத் திருப்பிப் பார்க்கலாம், வேண்டாததை அழிக்கலாம். கம்பைல் கட்டளையைக் கொடுத்தால், பிழை வந்த கோப்பின் பெயரும் வரி எண்ணும் உள்ள இடத்தில் என்டர் அடித்து நேரே அந்த வரிக்குப் போகலாம். இன்று விஎஸ் கோடில் 'பிராப்ளம் மேட்சர்' என்ற பெயரில் இருப்பது இதன் பேரன்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. திரையைச் சதுரம் சதுரமாக ஆளும் புரோகிராம்கள், டாப், லெஸ் போன்றவை, அந்த பஃபரில் ஓட மறுக்கும் அல்லது முனகும். 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி-100 டெர்மினலின் 80 பத்தி, 24 வரிக் கட்டத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அவை. கர்சரை இங்கே நகர்த்து, இந்த வரியை அழி என்ற ரகசியக் குறிகளை எழுத்தோடு கலந்து அனுப்பும். அவற்றைப் புரிந்துகொள்ள எடிட்டர் ஒரு விடி-100 போல நடிக்க வேண்டும். ஆக, எழுத்தாகக் காட்டும் வழி, கட்டமாகக் காட்டும் வழி என்று பாதை இரண்டாகப் பிரிந்தது. இன்றைய எடிட்டர்களில் பெரும்பாலானவை இரண்டாவதில் போகின்றன. எனக்கு முதலாவதின் மேல்தான் சாய்வு. அதன் உச்சம் ராப் பைக் 1994-இல் விவரித்த ஆக்மி. பிளான்-9 இயங்குதளத்துக்காகப் பிறந்த அந்த எடிட்டரில் திரையில் எங்கே எழுதியிருக்கும் சொல்லையும் மவுஸின் நடுப் பட்டனால் தட்டினால் அது கட்டளையாக ஓடும். எடிட்டர் எது, டெர்மினல் எது என்ற பிரிவே அங்கே கிடையாது.

விம் கதை சுவாரசியமானது. 1991-இல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம்முக்குள் ஷெல் ஓட்டும் வசதி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். விம் ஒரு ஷெல் அல்ல, ஷெல்லுக்குள் விம்மை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே எழுதிவைத்திருந்தார் அவர். கொள்கை தெளிவாகத்தான் இருந்தது. விம்மிலிருந்து பிரிந்துபோன நியோவிம் 2015-இல் டெர்மினலோடு வந்தது. 2018 மே மாதம் விம் 8.1-உம் டெர்மினல் ஜன்னலோடு வெளியானது, கையேட்டின் அந்த வாசகமும் மாறியது. வேடிக்கை என்னவென்றால், விம், நியோவிம், ஈமாக்ஸின் விடெர்ம் மூன்றும் டெர்மினல் வேலைக்கு நம்பியிருப்பது பால் எவன்ஸ் எழுதிய ஒரே லிப்விடெர்ம் நூலகத்தை. எடிட்டர் சண்டையில் எதிரெதிர் அணியில் நிற்பவர்களுக்குச் சமையல் ஒரே அடுப்பில்தான் நடக்கிறது.

விஎஸ் கோடு 2015-இல் அறிமுகமாகி 2016-இல் டெர்மினலைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே ஓடுவது எக்ஸ்டெர்ம்.ஜேஎஸ், பிரவுசருக்கென எழுதப்பட்ட டெர்மினல். விண்டோஸில் நிலைமை சீரானது 2018-இல் வந்த கான்பிடிஒய் என்ற போலி டெர்மினல் வசதிக்குப் பிறகு. வளைகுடா அலுவலகங்களில் கையில் கொடுக்கும் லேப்டாப் பெரும்பாலும் விண்டோஸ் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இப்போது செஷன் கேள்விக்கு வருவோம். எடிட்டருக்குள் டெர்மினல் திறக்கும்போது கெர்னல் ஒரு போலி டெர்மினல் ஜோடியைத் தருகிறது. ஒரு முனை ஷெல்லிடம், மறு முனை எடிட்டரிடம். ஷெல்லுக்கு எதிரே இருப்பது 1978-இன் கண்ணாடித் திரையா, விஎஸ் கோடா என்று தெரியாது. எடிட்டர் தன் முனையை விட்டுவிட்டால், போன் லைன் துண்டிக்கப்பட்ட காலத்திலிருந்து வரும் 'ஹேங்அப்' சிக்னல் ஷெல்லுக்கும் அதன் பிள்ளைகளுக்கும் போகும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அவை சாகும். வளைகுடாக்காரருக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: அந்த முனையை வைத்திருப்பதுதான் செஷனின் கஃபீல், அதாவது ஸ்பான்சர். கஃபீல் கடையைப் பூட்டினால் இகாமா என்ற வசிப்பு அனுமதி என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்யும்போது கஃபீல் சர்வரில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் புரோகிராம். கேபிள் அறுந்து சில நிமிடத்தில் மாற்று வழி கிடைத்தால் இணைப்பு தப்பிக்கலாம். நேரம் கடந்தால் சர்வர் கைகழுவும், ஹேங்அப் சிக்னல் போகும், மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் மாற்றம் நடுவில் நிற்கும். இதற்கான மருந்து பழையது. 1987-இல் பெர்லினில் எழுதப்பட்ட ஸ்க்ரீன், 2007-இல் நிக்கலஸ் மேரியட் தொடங்கிய டிமக்ஸ். இரண்டும் செய்வது நகல் கஃபாலா, அதாவது கஃபீல் மாற்றம். ஷெல்லின் மறுமுனையை சர்வரிலேயே ஓடும் ஒரு புரோகிராம் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் வந்து ஒட்டிக்கொள்ளலாம், போகலாம், கேபிள் அறுந்து போகலாம். செஷனுக்குக் கவலையில்லை.

விஎஸ் கோடு இதைத் தானும் செய்வதாகச் சொல்கிறது. பாதி உண்மை. ஜன்னலை ரீலோடு செய்தால் ஷெல் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். 2019-இல் வந்த ரிமோட்-எஸ்எஸ்ஹெச் முறையில் சர்வர் பக்கத்தில் ஒரு விஎஸ் கோடு சர்வர் ஓடுவதால், இணைப்பு போனாலும் டெர்மினல்கள் சிறிது நேரம் காத்திருக்கும். எடிட்டரை முழுதாக மூடித் திறந்தாலோ கதை மாறுகிறது. பழைய டெர்மினல் அதே பெயரோடு, அதே எழுத்தோடு திரும்பி வரும். நேற்றைய பில்டின் கடைசி வரி கண்முன் நிற்கும். 'ஹிஸ்டரி ரெஸ்டோர்டு' என்று ஒரு சின்ன வரியும் கூடவே வரும், கண்ணில் பட்டால் உண்டு. ஷெல் புதிது, எழுத்து மட்டும் பழசு, ஓடிய வேலை போய்ச்சேர்ந்து நேரமாகிறது. ஒழுங்காகச் செத்துப்போகும் டெர்மினலை நம்பலாம், இப்படி உயிரோடு இருப்பதுபோல் காட்டும் டெர்மினல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அதனால் அனுபவசாலிகள் பலரும் ரிமோட் டெர்மினலைத் திறந்ததும் முதல் வேலையாக டிமக்ஸுக்குள் நுழைகிறார்கள். உராய்வுகள் இருக்கவே இருக்கின்றன. டிமக்ஸின் முன்விசை கண்ட்ரோல்-பி, விஎஸ் கோடில் அது பக்கப்பட்டியை மறைக்கும் விசை. அது யாருக்குப் போக வேண்டும் என்று செட்டிங்கில் சொல்லிவைக்க வேண்டும். மவுஸை உருட்டினால் இரண்டு ஸ்க்ரோல்கள் சண்டை போடும். இருந்தாலும் ஒரு முறை பழகியவர் விடுவதில்லை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு மாற்றான மோஷைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2012-இல் எம்ஐடியில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் வெளியிட்டது. ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் 1993-இல் பட்டம் பெற்றவர். எஸ்எஸ்ஹெச்சில் நீங்கள் தட்டும் எழுத்து சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகே திரையில் தெரியும். மோஷ் காத்திருப்பதில்லை. சர்வர் என்ன காட்டும் என்று ஊகித்து உடனே காட்டுகிறது, இணைப்பு மோசமாக இருந்தால் ஊகத்துக்கு அடிக்கோடு போடுகிறது, தப்பானால் திருத்துகிறது. அவர்களின் சோதனையில் சுமார் 70 சதவீத விசைகளுக்கு ஊகம் உடனே பலித்தது. 3ஜி இணைப்பில் எஸ்எஸ்ஹெச்சின் இடைநிலைத் தாமதம் 503 மில்லிநொடி, மோஷில் 5-க்கும் கீழ் என்று அவர்கள் கட்டுரை சொல்கிறது. அறை வைஃபையிலிருந்து போன் டேட்டாவுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடி ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்து திறந்தாலும் செஷன் நிற்கும். ஏனென்றால் அது நம்பியிருப்பது யுடிபியை, அறுபடக்கூடிய டிசிபி இணைப்பை அல்ல.

இரண்டு இடத்தில் மோஷ் கைவிடும். திரையில் தெரிவதை மட்டுமே அது ஒத்திசைக்கிறது, மேலே உருண்டுபோனதைத் திருப்பித் தராது. அதற்கு டிமக்ஸ் துணை வேண்டும். அடுத்து, அதற்கு யுடிபி போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும், 60000 முதல் 61000 வரை. அலுவலக ஃபயர்வால்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு படிவம் நீட்டுவார். அதனாலேயே இவ்வளவு நல்ல கருவி வீட்டு சர்வர்களிலும் ஆர்வலர்களிடமும் தங்கிவிட்டது. எடிட்டர்கள் அதன் ஊகிக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டன. தாமதம் அதிகமானால் தட்டிய எழுத்தை மங்கலாக முன்கூட்டியே காட்டும் வசதி விஎஸ் கோடின் ரிமோட் டெர்மினலில் இருக்கிறது.

செஷன் சர்வரில் தங்கினால் இன்னொரு லாபம், அதைக் கைமாற்றலாம். ஜித்தா இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் பின்னால். சவூதியின் வார விடுமுறை 2013 ஜூனிலிருந்து வெள்ளி, சனி. வியாழன் மாலை ஷரஃபியாவில் வாரம் முடியும்போது சென்னையில் இன்னும் ஒரு வேலை நாள் பாக்கி இருக்கிறது. "அண்ணே, பில்டு ஓடுதா, நின்னுருச்சா?" என்று வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் கேட்கும் தம்பிக்கு, "செஷன் பேரு மைக்ரேஷன், ஒட்டிப் பாரு" என்று பதில் சொன்னால் போதும். இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம், ஒரே வரியில் தட்டலாம். ஆனால் இதற்காக ஒரே லாகினை இருவர் பகிர்வது தணிக்கைக்காரருக்குப் பிடிக்காது. அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

செஷனுக்குப் பெயர் வைப்பதைச் சொன்னேன். எடிட்டருக்குள் டெர்மினல் சுலபமானதும் அவை பெருகுகின்றன. எட்டு டேப், எட்டிலும் 'பாஷ்' என்று பெயர். சோதனை சர்வர் என்று நினைத்து உண்மையான சர்வரில் டெலீட் அடிப்பது இந்த நிலத்தில்தான் விளைகிறது. டேபுக்குப் பெயரும் நிறமும் வைக்க ஒரு நிமிடம் ஆகாது. உற்பத்தி சர்வருக்குச் சிவப்பு என்று ஒரு குழு முழுவதும் ஒத்துக்கொண்டால் அது எந்தப் பாதுகாப்பு மென்பொருளையும் விட மலிவு. பெருகிய டேப்கள் இன்னொன்றையும் கெடுக்கும். பாஷ் தன் கட்டளை வரலாற்றை வழக்கமாக வெளியேறும்போதுதான் கோப்பில் எழுதும். 'ஹிஸ்ட்அப்பெண்ட்' போடாவிட்டால் கடைசியாக மூடியவர் மற்றவர்களின் வரலாற்றை மேலெழுதலாம். நேற்று வேலை செய்த அந்த நீளமான கட்டளை இன்று மேல்நோக்கு அம்பில் கிடைக்காததற்குப் பாதி நேரம் இதுவே காரணம்.

கட்டளையை வரலாற்றில் தேடுவதை விடக் கோப்பில் எழுதிவைப்பது மேல். எடிட்டருக்குள் டெர்மினல் இருப்பதன் உண்மையான பயன் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கோப்பில் கட்டளைகளை வரிசையாக எழுதி, அருகில் தமிழிலேயே குறிப்பும் எழுதி, சக ஊழியரிடம் காட்டி, பிறகு ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்துக் கீழே உள்ள டெர்மினலுக்கு அனுப்பலாம். தேர்ந்தெடுத்த எழுத்தைச் செயலில் உள்ள டெர்மினலில் ஓட்டும் கட்டளை விஎஸ் கோடில் இருக்கிறது. விம்காரர்கள் விம்-ஸ்லைம் வைத்து டிமக்ஸுக்கு அனுப்புகிறார்கள். ஆர் மொழியில் புள்ளிவிவரம் பார்ப்பவர்களுக்கு ஆர்ஸ்டுடியோவில் கண்ட்ரோல்-என்டர் மூச்சு மாதிரி. அடிக்கடி ஓடுவதை டாஸ்க் கோப்பில் போட்டு ரெப்பாசிட்டரியிலேயே சேர்த்துவிடலாம். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிறர் தந்த ஃபோல்டரைத் திறந்த மாத்திரத்தில் ஒரு டாஸ்க் ஓடும்படி அமைக்க முடியும். 2021-இல் விஎஸ் கோடு 'இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா' என்று கேட்கத் தொடங்கியதற்கு இதுபோன்ற வழிகள்தான் காரணம். பலரும் படிக்காமல் ஆம் என்று தட்டுகிறார்கள்.

இப்போதெல்லாம் இந்த டெர்மினலில் தட்டுபவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏஐ ஏஜென்ட் கட்டளையை எழுதி, ஓட்டட்டுமா என்று கேட்கிறது, நாம் அனுமதிக்கிறோம். நல்ல எடிட்டர்கள் எந்தக் கட்டளை கேட்காமல் ஓடலாம் என்று பட்டியல் வைக்க விடுகின்றன. அந்தப் பட்டியல் சின்னதாக இருப்பது நல்லது. ஏஜென்டுக்கென்று தனி டெர்மினல், தனிப் பயனர் கணக்கு என்பதைத் தாண்டி இதில் முடிவான வழக்கம் இன்னும் உருவாகவில்லை.

கடைசியாக, ஆங்கிலக் கட்டுரைகள் தொடாத ஓர் இடம். விஎஸ் கோடின் மேல் பாதியில் தமிழ் அழகாகத் தெரியும், கீழ்ப் பாதியில் உடையும். எடிட்டர் பகுதி எழுத்துகளைக் கோத்து வரைகிறது. டெர்மினல் பகுதியோ விடி-100-இன் கட்டத்தில் நிற்கிறது, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'மொ' என்பது கணினிக்கு மகரமும் ஓர் உயிர்க்குறியும், கண்ணுக்கு மூன்று துண்டு, முதல் துண்டு மகரத்துக்கு இடப்பக்கம். இது கட்டத்தில் அடங்காது. பல டெர்மினல்களில் கொம்பு தனியே நிற்கும், 'ணை' பக்கத்து எழுத்தின் மேல் ஏறும், ஷெல் கணக்கிடும் அகலமும் டெர்மினல் கணக்கிடும் அகலமும் ஒத்துப்போகாமல் பேக்ஸ்பேஸ் வேறெங்கோ அழிக்கும். அரபிக்கும் இதே கதை. பல டெர்மினல்களில் வலமிருந்து இடமாக ஓட வேண்டிய வரி தலைகீழாக நிற்கிறது. ஜித்தாவில் வாங்கிய லேப்டாப்பில் விஎஸ் கோடின் டெர்மினலைத் திறக்கும் விசையின் மேல் 'தால்' என்ற அரபி எழுத்தும் அச்சாகியிருக்கும். மொழியை மாற்ற மறந்து எல்எஸ் என்று தட்டினால் மீமும் ஸீனும் விழும், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லும்.

சில தொல்லைகளுக்கு உடனே மருந்து உண்டு. தமிழ்ப் பெயருள்ள கோப்பைக் கிட் ஸ்டேட்டஸ் \340\256\244 என்பதுபோல் எண்களாகக் காட்டினால், கிட் செட்டிங்கில் கோர்.குவோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் பெயர் பெயராகவே வரும். எழுத்து உடைவதற்கு அவ்வளவு சுலபமான வழி இல்லை. எம்எல்டெர்ம் போன்ற சில டெர்மினல்களே இந்திய எழுத்துகளைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எழுத்தாகக் காட்டும் ஈமாக்ஸ் ஷெல்லில், 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் உதவியால் தமிழ் சரியாக வருகிறது, பத்திகள் மட்டும் நேராக நிற்பதில்லை. கட்டத்தை நம்பும் மற்ற எடிட்டர்களில் தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் கொட்டி, அதை மேல் பாதியில் திறந்து படித்துக்கொள்கிறார்கள்.